மூன்று கடிதங்கள்



இந்த மாதம் ஒரு கேள்வியோடு தொடங்குவோம். ஊழியம் செய்கிறவர்களுக்குச் சோர்வு வரலாமா? எரிச்சல் வரலாமா? "இனி என்னால் முடியாது" என்று ஒரு ஞாயிறு பள்ளி டீச்சரோ, பாடகர் குழுவை நடத்தும் அண்ணனோ, போதகரோ சொன்னால் அது விசுவாசக் குறைவா?

நம்மில் பலர் வாய்விட்டுச் சொல்லாவிட்டாலும் மனதுக்குள் "ஆம்" என்றுதான் நினைக்கிறோம். "அவருக்கு அழைப்பு இல்லை போல" என்கிறோம். "ஜெப ஜீவியம் குறைந்துவிட்டது" என்கிறோம். வார்டில் வேலை செய்யும் எங்களைப் போன்றவர்களுக்கு இது விநோதமாகத் தெரிகிறது. காய்ச்சலா என்று தொட்டுக்கூடப் பார்க்காமல் நோயின் பெயரை எழுதிவிடுகிறோமே!

சாவி கொடுக்கும் நேரம்வரை

லண்டனில் பல தமிழ்ச் சபைகளுக்குச் சொந்தக் கட்டடம் இல்லை. ஆங்கிலேயரின் ஆலயத்தையோ ஹாலையோ வாடகைக்கு எடுத்து, அவர்களுடைய ஆராதனை முடிந்தபின் நம்முடையதைத் தொடங்குகிறோம். நாற்காலி போட வேண்டும், மைக்கும் கீபோர்டும் இணைக்க வேண்டும், பிள்ளைகளுக்கு வகுப்பு நடத்த வேண்டும், தேநீர் போட வேண்டும். எல்லாம் முடிந்ததும் தரையைக் கூட்டி, குப்பையைக் கட்டி, சொன்ன நேரத்துக்குள் சாவியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

இதையெல்லாம் செய்கிறவர்கள் யார்? சனிக்கிழமை நைட் ஷிப்ட் முடித்து இரண்டு மணி நேரம் தூங்கி எழுந்து வருகிறவர். ஹீத்ரோவில் அதிகாலை நான்கு மணிக்கு வேலைக்கு இறங்கியவர். வாரம் முழுவதும் கடையில் நின்றவர். ஏ லெவல் பரீட்சைக்குப் படித்துக்கொண்டே கிட்டார் வாசிக்கும் தம்பி. பல போதகர்கள் வார நாட்களில் வேறொரு வேலைக்குப் போய்த்தான் வீட்டு வாடகை கட்டுகிறார்கள்.

இவர்களில் ஒருவர் ஒருநாள் சத்தமில்லாமல் நின்றுவிடுகிறார். முதலில் "இந்த வாரம் ஷிப்ட்" என்று ஒரு செய்தி வருகிறது. பிறகு செய்தியும் வருவதில்லை. ஆறு மாதம் கழித்து, அவர் எங்கேயும் ஆலயத்துக்குப் போவதில்லை என்று கேள்விப்படுகிறோம். ஒரு ஊழியரை மட்டும் அல்ல, ஒரு விசுவாசியையே இழந்து நிற்கிறோம். அதனால்தான் இதைப் பேசாமல் கடந்துபோக நமக்கு மனமில்லை.

இது நம் காலத்துப் பிரச்சினை மட்டுமல்ல. தமிழ்ப் புராட்டஸ்டண்ட் சபையின் முதல் பக்கத்திலேயே இது எழுதியிருக்கிறது.

தரங்கம்பாடியில் ஒரு வாலிபன்

1706 ஜூலை 9-ஆம் தேதி பர்த்தலோமேயு சீகன்பால்கு தரங்கம்பாடியில் வந்து சேர்ந்தபோது அவருக்கு 24 வயதுகூட நிறையவில்லை. நம் வாலிபர் ஐக்கியத்தில் உட்காரும் வயது. சிறுவயதிலேயே தாயையும் தகப்பனையும் இழந்தவர். உடல்நலம் இடம் கொடுக்காததால் ஹாலே நகரில் படிப்பைத் தொடர முடியாமல் போனவர். மனம் இருண்டுபோகும் நாட்கள் அவருக்குப் புதிதல்ல. இன்றைய மிஷனெரிச் சங்கம் ஒன்று மெடிக்கல் பரிசோதனை வைத்திருந்தால் அவரை அனுப்பியிருக்குமா என்பதே சந்தேகம்.

அவர் செய்த காரியங்கள் நமக்குத் தெரியும். திண்ணைப் பள்ளியில் சின்னப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து மணலில் எழுதித் தமிழ் கற்றார். பள்ளிகள் தொடங்கினார். புதிய ஏற்பாட்டைத் தமிழில் மொழிபெயர்த்தார். அது 1715-க்குள் தரங்கம்பாடியிலேயே அச்சாகி முடிந்தது. இவற்றை ஞாயிறு பள்ளியில் சொல்லிக்கொடுக்கிறோம். அவருடைய தொல்லைகளைச் சொல்லிக்கொடுப்பதில்லை.

அவரை அனுப்பியவர் டென்மார்க் அரசர். அவரை எதிர்த்தவரோ தரங்கம்பாடிக் கோட்டையில் இருந்த டேனியத் தளபதி ஹாசியுஸ். இருவரும் ஒரே நாட்டுக் கொடியின் கீழ் இருந்தவர்கள், ஒரே லுத்தரன் சபையைச் சேர்ந்தவர்கள். ஐரோப்பாவிலிருந்து ஊழியத்துக்கு அனுப்பப்பட்ட பணம் கரைக்கு வந்து சேரும் முன்னே கடலில் போனது. ஓர் ஏழை விதவையின் கடன் வழக்கில் சீகன்பால்கு தலையிட்டதிலிருந்து தளபதியோடு மோதல் முற்றியது. 1708 நவம்பரில் அவரைக் கோட்டைக்குள் அடைத்தார்கள். நான்கு மாதம் சிறை. எழுத மையும் பேனாவும் கொடுக்கவில்லை. அதற்கு முந்தின மாதம்தான் புதிய ஏற்பாட்டு மொழிபெயர்ப்பைத் தொடங்கியிருந்தார்.

உடன் ஊழியர்களோடும் எல்லாம் சுமுகமாக இருக்கவில்லை. 1709-ல் புதிதாக வந்தவர்களில் பெவிங் என்பவருக்கும் சீகன்பால்குவுக்கும் ஒத்துப்போகவே இல்லை. பெவிங் இரண்டே ஆண்டில் திரும்பிப்போய், ஐரோப்பாவில் இந்த ஊழியத்தைக் குறைகூறினார். சீகன்பால்குவும் சட்டென்று கோபப்படுகிறவர்தான், விட்டுக்கொடுக்காதவர்தான். தவறெல்லாம் ஒரு பக்கம்தான் என்று சொன்னால் அது சரித்திரம் ஆகாது. பரிசுத்தவான்களும் ஒரே வீட்டில் இருந்தால் பாத்திரம் உருளும், சத்தம் வரும்.

லண்டனுக்கும் இந்தக் கதையில் பங்கு உண்டு. கிறிஸ்தவ அறிவு வளர்ச்சிச் சங்கம் என்று நாம் அறிந்த எஸ்.பி.சி.கே. இங்கிருந்துதான் அச்சு இயந்திரம் ஒன்றைத் தரங்கம்பாடிக்கு அனுப்பியது. அந்தக் கப்பலைப் பிரெஞ்சுக்காரர் ரியோ டி ஜெனிரோவில் பிடித்துவைத்தார்கள். அது மீண்டும் புறப்பட்டபின், கூட வந்த அச்சுத் தொழிலாளி வழியிலேயே காய்ச்சலில் இறந்துபோனார். இயந்திரம் வந்து சேர்ந்தது, அதை ஓட்டத் தெரிந்தவர் வந்து சேரவில்லை. புரொஜெக்டர் வேலை செய்யாத ஞாயிற்றுக்கிழமையில் நமக்கு வரும் எரிச்சலைக் கொஞ்சம் பெருக்கிப் பாருங்கள்.

ஹாம்ப்டன் கோர்ட்டிலிருந்து ஒன்று

இப்போது அந்தக் கடிதங்களுக்கு வருவோம்.

1715-ன் முடிவில் சீகன்பால்கு ஐரோப்பாவுக்கு வந்திருந்தபோது லண்டனுக்கும் வந்தார். அரசர் முதலாம் ஜார்ஜைச் சந்தித்தார். அரசர் அவரை மறக்கவில்லை. 1717 ஆகஸ்ட் 23-ஆம் தேதி, சீகன்பால்குவுக்கும் அவருடைய உடன் ஊழியர் குருண்ட்லருக்கும் ஒரு கடிதம் எழுதினார். அவர்கள் ஊழியத்தைக் குறித்துத் தமக்கு உண்டான மகிழ்ச்சியைத் தெரிவித்து, உதவ ஆயத்தமாயிருப்பதாகவும் சொன்ன கடிதம். அது எழுதப்பட்ட இடம் ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனை. ஹவுன்ஸ்லோவில் 111-ஆம் நம்பர் பஸ் ஏறினால் அந்த அரண்மனை வாசலருகே இறங்கலாம். பள்ளி விடுமுறையில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அங்கே போகும் குடும்பங்கள் நம்மில் உண்டு. அடுத்த முறை போகும்போது, நம் தமிழ்ச் சபையின் முதல் ஊழியருக்குத் தைரியம் சொல்லிய கடிதம் இங்கிருந்து புறப்பட்டது என்று அவர்களுக்குச் சொல்லுங்கள்.

இரண்டாவது கடிதம் கோப்பன்ஹேகனிலிருந்து வந்தது. அங்கே மிஷன் காரியங்களைக் கவனிக்க ஒரு குழு இருந்தது. அதன் செயலாளராயிருந்த வென்ட் என்பவருக்கு ஓர் எண்ணம். அப்போஸ்தலர்கள் பள்ளி கட்டினார்களா, ஆலயம் கட்டினார்களா? ஊர் ஊராய் நடந்து பிரசங்கித்தார்கள் அல்லவா? தரங்கம்பாடியில் மட்டும் கட்டடத்துக்கும் சம்பளத்துக்கும் ஏன் இவ்வளவு செலவு? இப்படிக் கண்டித்து எழுதினார். பக்தியுள்ளவர்தான். ஆனால் தரங்கம்பாடி வெயிலை அவர் பார்த்ததில்லை. அங்கே ஞானஸ்நானம் பெற்றவர் வீட்டையும் வேலையையும் இழந்து வந்து நின்றால், அவர் பிள்ளைக்குச் சோறும் பள்ளியும் கொடுக்க வேண்டிய நிலை கோப்பன்ஹேகன் மேஜைக்குத் தெரியவில்லை.

1718 அக்டோபரில்தான் புதிய எருசலேம் ஆலயத்தைக் கட்டி முடித்துப் பிரதிஷ்டை செய்திருந்தார்கள். இன்றும் தரங்கம்பாடியில் அந்த ஆலயம் நிற்கிறது. அதைக் கட்டி முடித்தவரின் உடல் அப்போது உடைந்துகொண்டிருந்தது. வயிற்று நோய், இருமல், தூக்கமின்மை. அந்தக் கடைசி மாதங்களில்தான் கோப்பன்ஹேகனின் கண்டனம் அவர் நெஞ்சில் ஏறியது. 1719 பிப்ரவரி 23-ஆம் தேதி அவர் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். வயது 36. அடுத்த ஆண்டு மார்ச்சில் குருண்ட்லரும் போய்விட்டார். இருவரையும் அந்த ஆலயத்துக்குள்ளேயே அடக்கம் செய்தார்கள்.

கடிதம் அவரைக் கொன்றது என்று நாம் சொல்ல வரவில்லை. உடல் ஏற்கெனவே நலிந்திருந்தது. ஆனால் நோயாளிகளோடு இருக்கும் எங்களுக்கு ஒன்று தெரியும். படுக்கையில் இருப்பவருக்குக் காதில் விழும் வார்த்தை வெறும் வார்த்தையாக இருப்பதில்லை.

மூன்றாவது கடிதம்தான் நம்மை அதிகம் தொடுகிறது. அந்நாளில் கேன்டர்பரி பேராயராயிருந்த வில்லியம் வேக், இரு ஊழியர்களையும் மனம் நிறைந்து பாராட்டி எழுதினார். சபையின் உயர்ந்த பதவிகளைவிட அவர்கள் ஊழியம் மேலானது என்பதே அதன் சாரம். பேராயரே இப்படி எழுதுவது சாதாரணமல்ல. கடிதத்தின் தேதி 1719 ஜனவரி 7. அக்காலத்தில் கப்பல் இந்தியாவுக்குப் போய்ச் சேர ஆறேழு மாதம் பிடிக்கும். சீகன்பால்கு அதை வாசிக்கவே இல்லை.

கண்டனம் சரியான நேரத்தில் போய்ச் சேர்ந்தது. பாராட்டு தாமதமானது.

நம்மிடம் கப்பல் தாமதம் இல்லை. ஒரு விநாடியில் போய்ச் சேரும் வாட்ஸ்அப் இருக்கிறது. ஆனாலும் ஆராதனை முடிந்த அன்று மாலை நம் குழுவில் முதலில் வருவது எது? "இன்று பிரசங்கம் நீண்டுவிட்டது", "மைக் சரியில்லை", "என் பிள்ளைக்கு ஏன் நாடகத்தில் வசனம் கொடுக்கவில்லை?" நன்றிச் செய்தியை நாம் பிரிவுபசாரக் கூட்டத்துக்கும் அடக்க ஆராதனைக்கும் எடுத்துவைக்கிறோம்.

வார்டு கற்றுத்தரும் பாடம்

உலக சுகாதார நிறுவனம் 2019-ல் தன் நோய்ப் பட்டியலைப் புதுப்பித்தபோது, ஆங்கிலத்தில் பர்ன்அவுட் என்று சொல்லும் நிலையை விவரித்தது. அது ஒரு நோய் அல்ல, வேலையிடத்து அழுத்தம் நீண்ட நாள் கவனிக்கப்படாமல் விடப்பட்டதன் விளைவு என்றது. அதற்கு மூன்று அடையாளங்கள் சொன்னது. சக்தியெல்லாம் வற்றிப்போன களைப்பு. செய்யும் வேலையிடமிருந்து மனம் விலகி, அதைக் கசப்போடு பார்ப்பது. எதைச் செய்தாலும் பலனில்லை என்ற எண்ணம்.

வேலையிடத்துக்குச் சொன்ன இந்த மூன்றையும் ஊழியத்தில் பொருத்திப் பாருங்கள். தூங்கி எழுந்தாலும் தீராத களைப்பு. "இந்தச் சபை ஜனங்களே இப்படித்தான்" என்ற பேச்சு. "பத்து வருடம் பாடம் எடுத்தேன், ஒரு பிள்ளைகூட மாறவில்லை" என்ற ஏக்கம். இவற்றை ஒருவரிடம் பார்த்தால், அவரை நியாயந்தீர்க்குமுன் ஒரு கேள்வி கேட்போம்: இவர் கடைசியாக எப்போது ஓய்ந்திருந்தார்?

எங்கள் தொழிலில் இதற்குச் சில ஒழுங்குகள் உண்டு. ஆறு மணி நேரத்துக்கு மேல் வேலை செய்தால் குறைந்தது 20 நிமிட பிரேக் கொடுக்க வேண்டும் என்பது இந்நாட்டுச் சட்டம். ஷிப்ட் முடியும்போது ஹேண்ட்ஓவர் உண்டு. நோயாளிகளின் நிலையை அடுத்தவரிடம் சொல்லி ஒப்படைத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போகிறோம். யாரும் 24 மணி நேரமும் வார்டைச் சுமப்பதில்லை. மூன்று ஆண்டுக்கு ஒருமுறை எங்கள் பதிவைப் புதுப்பிக்கும்போது, வேலையில் சந்தித்தவற்றைப் பற்றி ஐந்து குறிப்புகள் எழுதி, அவற்றைக் குறித்து இன்னொருவரோடு உட்கார்ந்து பேசியிருக்க வேண்டும். அந்த இன்னொருவரும் எங்களைப் போலப் பதிவு பெற்றவராக இருக்க வேண்டும்.

இந்த ஒழுங்குகள் வேலைப்பளுவில் பிசகுவதும் உண்டு. ஆனால் மனிதர் களைப்பார் என்று முன்கூட்டியே ஒத்துக்கொண்டு எழுதிய ஒழுங்குகள் அவை. நம் சபைகளில் அப்படி ஒன்று இருக்கிறதா? ஞாயிறு பள்ளி டீச்சருக்கு ஹேண்ட்ஓவர் உண்டா? போதகர் மனம் திறந்து பேச ஒரு சக போதகர் உண்டா? சுவர் இருந்தால்தான் சித்திரம் என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். சித்திரத்தைக் கேட்கிறோம், சுவரைப் பார்ப்பதில்லை.

வேதம் மறைக்கவில்லை

பரிசுத்த வேதாகமம் தன் ஊழியக்காரரின் பலவீனத்தை மறைப்பதேயில்லை. எலியாவைப் பாருங்கள் (1 இராஜாக்கள் 19). கர்மேலில் அவ்வளவு பெரிய வெற்றிக்குப்பின், யேசபேலின் ஒரு மிரட்டலுக்கு ஓடினார். சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து சாவைக் கேட்டார். கர்த்தர் அவரைக் கடிந்துகொண்டாரா? இல்லை. தூதனை அனுப்பி அடையும் தண்ணீரும் கொடுத்தார். மறுபடி தூங்கவிட்டார். மறுபடி எழுப்பிச் சாப்பிடச் சொன்னார். கேள்வி கேட்டது அதன் பிறகு, ஓரேபில்தான். கடைசியில் எலிசாவைத் துணையாகக் கொடுத்தார்.

மோசேயும் அப்படியே. இறைச்சி வேண்டும் என்று ஜனங்கள் வீட்டுக்கு வீடு அழுதபோது, இந்தப் பாரத்தைச் சுமப்பதைவிடச் சாவது மேல் என்று தேவனிடமே சொன்னார் (எண்ணாகமம் 11). தேவன் அவருக்கு இன்னும் பலமான முதுகைக் கொடுக்கவில்லை. பாரத்தைப் பங்குபோட எழுபது மூப்பர்களைக் கொடுத்தார்.

பவுலைப் பற்றி ஒரு பகுதியை நாம் அதிகம் வாசிப்பதில்லை. மக்கெதோனியாவுக்கு வந்தபோது தமக்கு இளைப்பாறுதல் இல்லை என்றும், வெளியே போராட்டமும் உள்ளே பயமும் இருந்தன என்றும் அவரே எழுதுகிறார் (2 கொரிந்தியர் 7:5-6). தேவன் அவரை எப்படி ஆறுதல்படுத்தினார்? தரிசனத்தினால் அல்ல, தீத்து வந்து சேர்ந்ததினால். ஒரு நண்பன் கதவைத் தட்டினான். பவுல் அதைத் தேவனுடைய ஆறுதல் என்று எழுதிவைத்தார்.

நம் ஆண்டவரோ, சாப்பிடவும் நேரமில்லாமல் ஜனங்கள் வந்துபோய்க்கொண்டிருந்தபோது, சீஷர்களைத் தனியே ஓரிடத்துக்குப் போய்ச் சற்று இளைப்பாறச் சொன்னார் (மாற்கு 6:31). பிரேக் எடுக்கச் சொன்னவர் இயேசுவே.

ஓய்ந்தவர்களும் திரும்பியவர்களும்

இங்கே ஒரு கேள்வி எழும். டோனாவூர் எமி கார்மைக்கேல் அம்மையார் 1895-ல் இந்தியா வந்தபின் ஒரு முறையும் ஊர் திரும்பாமல் உழைத்தாரே? உண்மைதான். ஆனால் 1931-ல் களக்காட்டில் ஒரு குழியில் விழுந்து கால் முறிந்தபின், 1951-ல் மரிக்கும்வரை ஏறக்குறைய இருபது வருடம் தம் அறையைவிட்டு அதிகம் வெளிவர முடியவில்லை. பிறரைத் தூக்கி வளர்த்த அந்தக் கைகளை மற்றவர்கள் பிடித்துப் பராமரித்தார்கள். அந்த அறையிலிருந்தே பல புத்தகங்கள் எழுதினார். பிறர் கையால் பராமரிக்கப்படுவதும் அவருடைய ஊழிய வாழ்க்கையின் ஒரு பாகமே.

யாழ்ப்பாணத்துக் குடும்பங்களுக்குத் தெரிந்த இன்னொருவர் மருத்துவர் சாமுவேல் கிரீன். மானிப்பாயில் இன்றும் அவர் பெயரால் மருத்துவமனை உண்டு. 1847-ல் வந்த அவர் பத்து ஆண்டு ஊழியத்துக்குப்பின் அமெரிக்கா திரும்பினார். 1862-ல் மறுபடியும் யாழ்ப்பாணம் வந்தார். தமிழிலேயே மேலைநாட்டு மருத்துவம் கற்பித்தது அந்த இரண்டாம் வருகையில்தான். 1873-ல் உடல்நலம் குன்றி விடைபெற்றார். அவர் நடுவில் ஊருக்குப் போனதை யாரும் ஓட்டம் என்று எழுதவில்லை.

எமி அம்மையார் போகவில்லை, கிரீன் போய்த் திரும்பினார். கர்த்தர் இருவரையும் உபயோகித்தார். ஒருவருடைய வழியை இன்னொருவருக்குச் சட்டமாக்க வேண்டாம்.

மாற்கு என்னும் யோவானையும் நினையுங்கள். பவுலையும் பர்னபாவையும் பெர்கேயில் விட்டுவிட்டு வீடு திரும்பிய வாலிபன் (அப்போஸ்தலர் 13:13). பவுல் அவனை மறுபடி சேர்த்துக்கொள்ள மறுத்தார், பர்னபா விடவில்லை. அதனால் இரு பெரியவர்களும் பிரிந்தே போனார்கள். வருடங்கள் கழித்து, மரணத்தை எதிர்நோக்கிய பவுல், மாற்குவை அழைத்து வரச் சொல்லி, அவன் தமக்குப் பிரயோஜனமானவன் என்று எழுதுகிறார் (2 தீமோத்தேயு 4:11). இடையில் அவனுக்கு ஒரு பர்னபா கிடைத்தான். நம் சபையைவிட்டு விலகிப்போன தம்பிக்கு யார் பர்னபா?

நாம் என்ன செய்யலாம்?

ஊழியத்தில் இருக்கும் தம்பி தங்கைகளே, உங்களுக்கு முதலில். சோர்வு வந்தால் அதை ஒளித்துவைக்காதீர்கள். நம்பத்தக்க ஒருவரிடம் பெயர் சொல்லிப் பேசுங்கள். எல்லா ஞாயிறும் நீங்களே பாட வேண்டும், நீங்களே பாடம் எடுக்க வேண்டும் என்பதில்லை. ஒரு இளையவரைப் பக்கத்தில் வைத்துப் பழக்குங்கள். ஓய்வு கேட்பதென்றால் நேரடியாகக் கேளுங்கள், "மூன்று மாதம் வேண்டும், இன்ன தேதியில் திரும்பி வருவேன்" என்று தேதியோடு கேளுங்கள். சத்தமில்லாமல் விலகினால் திரும்பி வருவது கடினமாகிவிடுகிறது.

பெற்றோரும் பெரியவர்களும் நினைவில் வைக்க வேண்டியது ஒன்று. ஆராதனை முடிந்த அன்றே குறை எழுத வேண்டாம். ஒரு நாள் பொறுங்கள். மறுநாளும் அது முக்கியமாகத் தெரிந்தால், குழுவில் போடாமல், சம்பந்தப்பட்டவரிடம் நேரில் பேசுங்கள். பேசும்போது "உங்களுக்கு எப்படி இருக்கிறது?" என்று கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். நன்றியை மட்டும் அன்றைக்கே அனுப்புங்கள்.

ஒன்றைச் சேர்த்துச் சொல்லியாக வேண்டும். சோர்வைப் புரிந்துகொள்வது தவறை மூடுவதற்கு அல்ல. பணக்கணக்கில் குழப்பமோ, பிள்ளைகளின் பாதுகாப்பில் சந்தேகமோ இருந்தால் ஒரு நாள்கூடப் பொறுக்காமல் சபையின் பாதுகாப்புப் பொறுப்பாளரிடமும் மூப்பர்களிடமும் சொல்ல வேண்டும். அங்கே மௌனம் அன்பல்ல.

சபை நிர்வாகத்துக்கு ஒரு விண்ணப்பம். போதகருக்கு வாரத்தில் ஒரு முழு நாள் ஓய்வு என்று எழுதிவைத்து, அன்று யாரும் போன் செய்யாமல் பாருங்கள். இங்கிலாந்து திருச்சபையில் குருமாருக்கு அந்த வார ஓய்வு நாள் விதியாகவே இருக்கிறது. ஒவ்வொரு பொறுப்புக்கும் இரண்டு பெயர் வையுங்கள். பொறுப்பை முடிக்கும்போது ஆராதனையில் நிறுத்தி ஜெபித்து, நன்றியோடு விடுவியுங்கள்.

கடைசியாக, நர்ஸுகளாக இதைச் சொல்லாமல் முடிக்க முடியாது. களைப்பு வேறு, மனச்சோர்வு நோய் வேறு. இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் பிரியமில்லாமல், தூக்கமும் பசியும் மாறி, உயிர் வாழ்வதே பாரம் என்று தோன்றினால் ஜிபியைப் பாருங்கள். அவசரமென்றால் என்.எச்.எஸ். 111-ஐ அழைத்து 2-ஐ அழுத்தலாம். சமாரிட்டன்ஸ் 116 123 என்ற எண்ணில் இரவும் பகலும் இலவசமாகப் பேசலாம். உயிருக்கு உடனடி ஆபத்தென்றால் 999. மருந்து எடுப்பது அவிசுவாசம் அல்ல. எலியாவுக்கும் முதலில் வந்தது அடையும் தண்ணீரும்தான்.

இந்த வாரம் ஒரே ஒரு வேலை. சபையில் உங்களுக்காக உழைக்கும் ஒருவரை நினைத்து நான்கு வரி எழுதி அனுப்புங்கள். அவர் என்ன செய்தார், அது உங்களுக்கு எப்படி உதவியது என்று குறிப்பாக எழுதுங்கள். அவர் கையில் இருக்கும்போதே போய்ச் சேரட்டும்.

ஜெபம்

எங்கள் ஆண்டவரே, களைத்துப்போய்க் கிணற்றருகே உட்கார்ந்தவரே, எங்கள் மாம்சத்தின் பலவீனத்தை நீர் அறிவீர். எங்களுக்காக உழைக்கிறவர்களை நாங்கள் பாரப்படுத்தாமல் தாங்கக் கிருபை தாரும். விலகிப்போனவர்களைத் தேடும் பர்னபாக்களாக எங்களை எழுப்பும். சோர்ந்திருக்கும் எங்கள் போதகருக்கும் ஆசிரியருக்கும் வாலிபருக்கும் நீர் இளைப்பாறுதலாயிரும். ஆமென்.

வாலிபர் கூடுகையில் கலந்து பேச

1. எலியா, மோசே, பவுல் ஆகிய மூவருக்கும் தேவன் கொடுத்த உதவியில் பொதுவாக இருப்பது என்ன?

2. நம் சபையில் ஒரே ஆளின் தோளில் இருக்கும் வேலைகள் எவை? அவற்றில் எதை நாம் பங்கிட்டுக்கொள்ளலாம்?

3. கடந்த ஒரு ஆண்டில் ஊழியத்திலிருந்து ஒதுங்கிய ஒருவரை நினையுங்கள். ஊழியத்துக்கு வரும்படி எதுவும் கேட்காமல், அவரைப் பார்த்துப் பேச மட்டும் யார் போவீர்கள்?